அவர் யாரையும் மன்னிக்கல (தாஹா முகம்மது அலி பத்தி ஒரு கடிதம்)

அன்புள்ள அண்ணா,

பாலஸ்தீனக் கவிதைன்னா எனக்கு இதுவரைக்கும் மஹ்மூத் தர்வீஷ் மட்டும்தான், அதுவும் நீங்க எழுதிதான் தெரியும். போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் வாட்ஸ்அப்ல தாஹா முகம்மது அலின்னு ஒருத்தரோட 'பழி' கவிதைய இங்கிலீஷ்ல அனுப்பி, படிச்சு அழுதுட்டேன்டான்னு போட்டிருந்தான். எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு. அப்பாவக் கொன்னவன், வீட்ட இடிச்சவன், ஊர விட்டே துரத்துனவன், அவன் எதிர்ல வந்து நின்னா அவனுக்கு அம்மா இருக்காங்களான்னு பாத்து விட்டுடுவேன்னு சொல்றாரு. எப்பவுமே பறிகொடுத்தவன்கிட்டதான் பெருந்தன்மைய எதிர்பாக்குறாங்க, பறிச்சவன்கிட்ட யாரும் கேக்குறதில்ல. இது அடிச்சவனுக்கு வசதியான கவிதையா எனக்குத் தோணுது. நெட்ல தேடினா நாசரேத்ல டூரிஸ்டுக்கு நினைவுப் பொருள் விக்கிற கடை வச்சிருந்தாருன்னு இருக்கு. சண்டையிலருந்து ஒதுங்கி வாழ்ந்துட்ட ஆளாண்ணா இவரு? தப்பா கேட்டிருந்தா மன்னிச்சிடுங்க. மேற்கொண்டு படிக்கணும்னா எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னும் சொல்லுங்க. பேர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள தம்பி,

தப்பா ஒண்ணும் கேக்கல. பறிகொடுத்தவன்கிட்ட மட்டும் பெருந்தன்மைய எதிர்பாக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுல ஒரு எழுத்தக்கூட நான் மறுக்க மாட்டேன். அந்தக் கவிதைய இன்னைக்கு நிறைய பேர் அப்படித்தான் பயன்படுத்துறாங்க, ஒரு பாலஸ்தீனரே மன்னிச்சிட்டாரு பாருங்கன்னு காட்டுறதுக்கு. ஆனா கவிதைக்குள்ள மன்னிப்பு எங்க இருக்கு? நான் எத்தனையோ தடவ படிச்சிட்டேன், எனக்குக் கிடைக்கல. அதப் பத்திதான் எழுதப் போறேன், ஆனா அதுக்கு முன்னாடி அவர் யாருன்னு கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா வாட்ஸ்அப்ல வர்ற கவிதைக்கு ஊரும் இருக்காது வருஷமும் இருக்காது, இவர் விஷயத்துல ஊரும் வருஷமும் இல்லாம ஒரு வரி கூட சரியாப் புரியாது.

1931ல ஸஃபூரியான்ற ஊர்ல பிறந்தவரு. இன்னைக்கு இஸ்ரேலோட வடக்குல இருக்கிற கலிலேயாவுல, நாசரேத்துக்கு வடமேற்கே, நடந்தே போயிட்டு வந்துடக் கூடிய தூரத்துல இருந்த பெரிய கிராமம், 1945 கணக்குப்படி நாலாயிரத்து முந்நூறுக்கு மேல ஜனம். மாதுளைக்குப் பேர் போன ஊரு, நல்ல ஊற்றுத் தண்ணி, மேட்டு மேல ஒரு பழைய கோட்டை, அந்தக் கோட்டையிலதான் ஊர்ப் பசங்களுக்கு பள்ளிக்கூடம். தாஹா பள்ளிக்கூடம் போனது மொத்தம் நாலு வருஷம், அதுக்கப்புறம் குடும்பத்துக்காக சம்பாதிக்கப் போயிட்டாரு.

1948 ஜூலை 15. இஸ்ரேல்னு நாடு உருவாகி போர் நடந்துக்கிட்டிருந்த வருஷம், ரம்ஜான் மாசம். நாள் முழுக்க பட்டினி கிடந்துட்டு நோன்பு திறக்கிற சாயங்கால நேரத்துல இஸ்ரேல் விமானம் வந்து குண்டு போட்டுச்சு. அவருக்கு அப்ப பதினேழு வயசு. ஊரே எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு ஓடுது, இவங்க குடும்பம் லெபனானுக்குப் போய் சேருது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அங்க இருந்துட்டு, இனிமே இங்க கிடக்க முடியாதுன்னு எல்லையத் தாண்டி ரகசியமா திரும்பி வர்றாங்க. திரும்பி வந்தா ஊர் இல்ல. 1949ல அதே மண்ணுல ஸிப்போரின்னு ஒரு யூதக் குடியிருப்பு, வீடுங்க எல்லாம் தரைமட்டம், மேல பைன் மரக்காடு. இன்னைக்கு அது தேசியப் பூங்கா, ரோமானியர் காலத்து மொசைக் தரையெல்லாம் தோண்டி எடுத்து வச்சிருக்காங்க, நல்ல கூட்டம் வருது. 1948 வரைக்கும் அங்க இருந்த ஊரோட சுவடு வேணும்னா சப்பாத்திக் கள்ளிய பாத்துதான் கண்டுபிடிக்கணும், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேலியா வச்சது, வெட்ட வெட்ட முளைக்கும்.

அடுத்து சட்டம். 1950ல இஸ்ரேல் 'இல்லாதோர் சொத்துச் சட்டம்'னு ஒண்ணு கொண்டு வருது. 48ல ஊர விட்டுப் போனவங்க நிலமும் வீடும் அரசாங்கத்துக்கு. சரி, ஆனா தாஹா மாதிரி நாட்டுக்குள்ளயே இருக்கிற ஆளுங்கள என்னன்னு எழுதுறது? அவங்கள 'இருந்தும் இல்லாதோர்'னு சொன்னாங்க. ஆள் முன்னாடி நிக்கிறான், குடிமகன்னு அட்டை குடுக்குறாங்க, வோட்டு போட சொல்றாங்க, ஆனா அவனோட நிலத்தப் பொறுத்தவரைக்கும் அவன் இல்ல. இதோட 1966 வரைக்கும் அங்கிருந்த அரபிங்களுக்கு ராணுவ நிர்வாகம் வேற, பக்கத்து டவுனுக்குப் போகணும்னாலும் பெர்மிட். ஸஃபூரியாக்காரங்க நிறைய பேர் நாசரேத்ல ஒரு மூலையில குடியேறி, அந்தத் தெருங்களுக்கே ஊர்ப் பேர வச்சு ஸஃபாஃப்ரான்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அங்க இருந்து பாத்தா சொந்த ஊர் நிலம் தெரியும். பாக்கலாம், போய் வாழ முடியாது. தாஹா மிச்ச அறுபது வருஷத்த இப்படித்தான் வாழ்ந்தாரு.

கடைக்கு வர்றேன். மங்கள வார்த்தை தேவாலயம்னு சொல்வாங்களே, மரியாளுக்கு தேவதூதன் வந்து சொன்ன இடத்துல கட்டின கோயில், அதுக்குப் பக்கத்துல இவரோட கடை. சிலுவை, ஒலிவ மரத்துல செதுக்குன ஒட்டகம், பாசிமணி, இந்த மாதிரி. ஒரு முஸ்லிம், உலகம் பூரா இருந்து வர்ற கிறிஸ்தவ யாத்ரீகங்களுக்கு வித்துக்கிட்டிருந்தாரு. பகல்ல வியாபாரம், ராத்திரி படிப்பு. நாலாவதோட நின்ன ஆளு பழைய அரபுக் கவிதை மொத்தத்தையும் தானா உக்காந்து படிக்கிறாரு, இங்கிலீஷ் கத்துக்கிட்டு ஷேக்ஸ்பியர் வரைக்கும் போறாரு. கடையில ஆள் இல்லாதப்ப புஸ்தகம், எழுத்தாளருங்க வந்து உக்காந்து பேசுற இடமாவும் அது ஆயிடுச்சு. இத ஒதுங்கி வாழ்றதுன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு அப்படித் தோணல தம்பி. நிலம் போயிடுச்சு, ஊர் போயிடுச்சு, பதினேழு பதினெட்டு வயசுல ஒரு குடும்பத்த தோள்ல தூக்கிக்கிட்டு வெறுங்கையோட நிக்கிறவன் அந்த நாட்ட விட்டுப் போகாம அங்கயே வேர் விட்டு நின்னதே சண்டைதான்னு நான் நினைக்கிறேன். போயிடணும்னுதானே அவ்வளவும் செஞ்சாங்க.

தர்வீஷோட வச்சுப் பாத்தா இது இன்னும் தெளிவாத் தெரியும். தர்வீஷ் 1941ல அல்-பிர்வாவுல பிறந்தவரு, அந்த ஊரும் 48ல அழிஞ்சது, அவரும் லெபனானுக்குப் போய் திருட்டுத்தனமா திரும்பி வந்தவரு, அவரும் சட்டப்படி இருந்தும் இல்லாதவரு. அது வரைக்கும் ரெண்டு பேர் கதையும் ஒண்ணுதான். தர்வீஷ் இருபது வயசுக்குள்ள முதல் புஸ்தகம் போட்டாச்சு, ஜெயிலுக்குப் போயாச்சு, 1970ல நாட்ட விட்டுக் கிளம்பி கெய்ரோ, பெய்ரூட்டுன்னு போய் ஒரு ஜனத்தோட குரலாவே ஆயிட்டாரு. தாஹா எங்கயும் போகல. அவரோட முதல் கவிதைத் தொகுப்பு வந்தது 1983ல, அம்பது வயச தாண்டினதுக்கப்புறம். அதனாலதான் தர்வீஷ் கவிதையில ஒரு மைதானமே நின்னு கேக்குற மாதிரி இருக்கும், தாஹா கவிதை நம்ம கூட உக்காந்து ஒருத்தர் பேசுற மாதிரி இருக்கும். யாப்பு கிடையாது, மேடைக்கு ஏத்தி விடுற ஓசை கிடையாது, பேச்சுவழக்கு நடுநடுவுல வந்து போகும். நான் அரபி தெரியாம இங்கிலீஷ் வழியாதான் படிக்கிறேன், அதுலயே அந்த மனுஷன் மூச்சு விடுறது கேக்குது.

அப்த் அல்-ஹாதின்னு ஒரு கிராமத்து ஆள் பத்தி அவரு எழுதுன கவிதைய நீங்க அவசியம் படிக்கணும், எழுபதுகள்ல எழுதுனது. அப்த் அல்-ஹாதி எழுதப் படிக்கத் தெரியாதவன், வாழ்நாள்ல ஒரு மரத்த வெட்டுனதில்ல, ஒரு கன்னுக்குட்டி கழுத்த அறுத்ததில்ல, நியூயார்க் டைம்ஸ் பத்தி அதோட முதுகுக்குப் பின்னால ஒரு வார்த்தை பேசுனதில்ல, குரல ஒசத்துனதே வீட்டுக்கு வர்றவங்கள உள்ள வாங்க, வந்தே ஆகணும்னு கூப்பிடும்போது மட்டும்தான். ஆனாலும் அவன் கேஸ் தோத்துப் போன கேஸு, அவனோட உரிமை கடல்ல போட்ட உப்புக்கல்லு. தன்னோட எதிரி யாருன்னே அவனுக்குத் தெரியாது. என்டர்பிரைஸ்னு அமெரிக்காவோட விமானந்தாங்கிக் கப்பல் இருக்கே, அதோட மாலுமிங்க மொத்தப் பேரும் அவன் வாசல்ல வந்து நின்னா என்ன பண்ணுவான்? முட்டைய ஒடச்சு ஊத்திக் குடுப்பான், துணியில கட்டித் தொங்கவிட்ட லப்னே தயிர எடுத்து வைப்பான். அவ்வளவுதான் கவிதை. ஒரு வல்லரசோட சண்டை போடுற ஆள்னு தலைப்பு வேற.

இதுல கோஷம் ஒண்ணு கூட இல்ல, ஆனா எனக்கு இதவிடக் கோவமான கவிதை சட்டுனு ஞாபகத்துக்கு வரல. எப்பேர்ப்பட்ட ஆளுங்கள எப்பேர்ப்பட்ட பலத்தால அடிச்சீங்கன்னு காட்டுறாரு, அதக் காட்டுறதுக்கு முட்டையும் தயிரும் போதும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்ப 'பழி'. 2006ல எழுதுனது, அவருக்கு எழுபத்தஞ்சு வயசு இருக்கும், நாசரேத்ல உக்காந்து எழுதுனது. நீங்க படிச்சுட்டீங்க, ஆனாலும் மத்தவங்களுக்காக சொல்லிடறேன். அப்பாவக் கொன்னு வீட்ட இடிச்சவனோட நேருக்கு நேர் மோதணும்னு சில நேரம் ஆசையா இருக்குன்னு ஆரம்பிக்கிறாரு. அவன் என்னக் கொன்னா ஒரு வழியா எனக்கு நிம்மதி, நான் தயாரா இருந்தா பழி தீத்துக்குவேன். ஆனா அவனுக்காகக் காத்திருக்கிற அம்மா ஒருத்தி இருந்தா, இல்ல, வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு மகன் கால்மணி நேரம் லேட்டானாலே வலது கைய நெஞ்சு மேல வச்சுக்கிற அப்பா ஒருத்தர் இருந்தா கொல்ல மாட்டேன், முடிஞ்சாலும் கொல்ல மாட்டேன். தங்கச்சி இருந்தா, பொண்டாட்டி இருந்தா, அவன் கொண்டு வர்ற பரிசுக்குத் துள்ளிக் குதிக்கிற பிள்ளைங்க இருந்தா, ஜெயில்லயோ ஆஸ்பத்திரியிலயோ பழகுன சினேகிதங்க இருந்தா கூட மாட்டேன். சரி, யாருமே இல்லாத ஆளா இருந்தா? மரத்துலருந்து வெட்டுப்பட்ட கிளை மாதிரி தனியா நின்னான்னா? அப்பவும் அவன் தனிமையோட வலிக்கு மேல நான் ஒண்ணையும் கூட்ட மாட்டேன். தெருவுல கடந்து போகும்போது அவனக் கண்டுக்காம போறதோட நிறுத்திக்குவேன், கண்டுக்காம போறதே ஒரு பழிதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு.

இதுல எங்கயாச்சும் அவன் செஞ்சது பரவாயில்லன்னு இருக்கா? மறந்துட்டேன்னு இருக்கா? முதல் வரியிலயே கொன்னவன்னுதான் சொல்றாரு, கடைசி வரியிலயும் பழின்ற சொல் அப்படியே நிக்குது. அவன்கிட்ட போய் கை குடுக்கல, பேசல, ஒரு சலாம் கூட இல்ல. நாம இந்தக் கவிதைய நினைச்சுக்கிறப்ப நல்ல மனசு நல்ல மனசுன்னு நினைச்சுட்டு, முடிவுல அவர் எவ்வளவு கஷ்டப்படுறாருன்றத விட்டுடறோம். கண்டுக்காம போறது பழிதான்னு தன்னத் தானே நம்ப வைக்கப் பாக்குறாரு, அதாவது முழுசா நம்பிக்கை வரல. எழுபத்தஞ்சு வயசுலயும் அது ஆறல. ஆறாத ஒரு மனுஷன் கொல்றதில்லன்னு முடிவு எடுக்குறாரு, ரெண்டும் சேந்துதான் இந்தக் கவிதை, ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டா வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆயிடும்.

இன்னொண்ணும் பாருங்க. அந்தக் கால்மணி நேரத்துக்கே நெஞ்சுல கை வைக்கிற அப்பாவ அவரு எங்கருந்து எடுத்தாரு? ஆகாயத்துலருந்து எடுக்கல. ஒரு ராத்திரியில ஊர் சிதறி ஓடும்போது யார் எங்க போனான்னு தெரியாம, எல்லைக்கு அந்தப் பக்கம் யாரு இந்தப் பக்கம் யாருன்னு தெரியாம, வருஷக்கணக்கா காத்திருந்த குடும்பங்களுக்கு நடுவுல வாழ்ந்தவரு. வராதவனுக்காகக் காத்திருக்கிறதுன்னா என்னன்னு அவருக்கு வேற யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. கொல்ல மாட்டேன்னு சொல்றது எதிரி மேல இருக்கிற இரக்கத்துனால மட்டும் இல்ல, அந்தக் காத்திருப்ப தன் கையால இன்னொரு வீட்டுல உண்டாக்க மாட்டேன்றாரு. அவங்க நமக்குச் செஞ்சத நான் செய்ய மாட்டேன்னு ஒருத்தர் சொன்னா அதுல அவங்க என்ன செஞ்சாங்கன்றதும் சேந்தே வருதில்லையா? அடிச்சவனுக்கு இது வசதியான கவிதைன்னு எழுதியிருக்கீங்க. அவன் தனியா உக்காந்து படிச்சான்னா ஒரு வரி கூட வசதியா இருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.

அந்தத் தெருவையும் நாம கற்பனைத் தெருவா எடுத்துக்கக் கூடாது. எதிரிய சந்திச்சா என்ன செய்வேன்றது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நாற்காலியில உக்காந்து பேசுற விஷயம், பெய்ரூட்லயோ பாரீஸ்லயோ இருந்த பாலஸ்தீனக் கவிஞருக்குக் கூட அது மனசுக்குள்ள நடக்குற சந்திப்புதான். தாஹாவுக்கு அப்படி இல்ல. ஸஃபூரியாவப் பிடிச்ச படையில இருந்த ஆளுங்க அதே நாட்டுல, அதே பஸ்ல, அதே கலிலேயாவுல இருந்தாங்க, அவரு கடைக்கே வந்து சாமான் வாங்கியிருக்கலாம். தினமும் தெருவுல போகும்போது எதிர்ல வர்ற ஐம்பது வயசுக்காரன், அறுபது வயசுக்காரன் அன்னைக்கு எங்க இருந்தான்ற கேள்வியோட அறுபது வருஷம் நடந்த மனுஷன். அதனாலதான் அந்தக் கவிதை பெரிய தத்துவத்துல முடியாம, ஒரு தெருவுல ஒருத்தன் ஒருத்தனத் தாண்டிப் போறதுல முடியுது.

இவர் எப்பவும் சாந்தமா இருந்தவர்னு நினைச்சுடாதீங்க. 1983 வாக்குல எழுதுன கவிதை ஒண்ணு இருக்கு, அம்பர்னு தலைப்பு, அதுல சொந்த மண்ணையே துரோகின்னு திட்டுறாரு. எங்க சுவடெல்லாம் அழிஞ்சு போச்சு, இந்த மண்ண நம்பக் கூடாது, இது காதல ஞாபகம் வச்சுக்காத மண்ணு, வர்றவன் போறவனுக்கெல்லாம் எல்லா மொழியிலயும் சிரிக்கிற வேசின்னு. தாய்நாடுன்னு கும்பிடுற கவிதை அரபியில எவ்வளவோ இருக்கிறப்ப மண்ணப் பாத்து இப்படிப் பேசுறதுக்கு ஒரு தைரியம் வேணும், அப்புறம் அந்த மண்ணு மேல அவ்வளவு ஆசையும் வேணும்.

அமீரா பத்தி சொல்லாம விட்டா குறையா இருக்கும். சொந்தத்துலயே ஒரு பொண்ணு, சின்ன வயசுலருந்தே இவருக்குன்னு பேசி வச்சிருந்தாங்க. 48க்கப்புறம் இவரு நாசரேத், அவங்க குடும்பம் லெபனான்ல ஐன் அல்-ஹில்வே அகதி முகாம். நடுவுல எல்லை. ரெண்டு பேருக்கும் வேற வேற இடத்துல கல்யாணம் ஆகி, பிள்ளைங்க பிறந்து, வாழ்க்கை அப்படியே போயிடுச்சு. முதல் தொகுப்போட தலைப்புக் கவிதையே அமீராவப் பாத்துப் பேசுறதுதான். இன்னொரு கவிதையில முற்பகல்ல ஊற்றுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப ஒரு பொண்ணு கேக்குறா, உனக்கு எது பிடிக்காது, யாரப் பிடிக்கும்னு. பிரிஞ்சு போறது பிடிக்காது, ஊற்றும் ஊற்றுக்குப் போற பாதையும் பிடிக்கும்ன்றான் பையன், அவ சிரிக்கிறா, வாதுமை மரம் பூக்குது. நாப்பது வருஷம் கழிச்சு எங்கயோ ஒரு வெளிநாட்டு ஏர்போர்ட்ல எதிர்பாராம பாத்துக்கிறாங்க, அவ அதே கேள்வியக் கேக்குறா, இவன் அதே பதிலச் சொல்றான், இந்தத் தடவ அவ அழறா. 'பழி'ய படிக்கிறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருந்தீங்கன்னா கால்மணி நேரம் லேட்டானதுக்கு நெஞ்சுல கை வைக்கிற அந்த அப்பாவ உங்களுக்கும் அடையாளம் தெரிஞ்சிருக்கும்.

அவரோட வாழ்க்கை வரலாற்ற 2009ல எழுதுனவங்க அடினா ஹாஃப்மன், ஜெருசலேம்ல வாழ்ந்த அமெரிக்க யூதப் பெண். இங்கிலீஷ்ல கவிதைங்கள கொண்டு வந்த பீட்டர் கோல் அவங்களோட கணவர், அவர் கூட யஹ்யா ஹிஜாஸி, கேப்ரியேல் லெவின் ரெண்டு பேரும் சேந்து மொழிபெயர்த்தாங்க. ஹாஃப்மன் புஸ்தகத்துல எனக்கு ரொம்பப் பெருசாப் பட்டது, ஊர்க்காரங்க குண்டு விழுந்துச்சுன்னு சொல்றாங்களே அது நிஜமான்னு விடாம தேடிப் போறது. இஸ்ரேல் ஆவணக் காப்பகத்துல தேடுறாங்க, ஊரப் பிடிச்ச படையில இருந்தவங்களையே போய்ப் பாத்துப் பேசுறாங்க. நினைவ மட்டும் வச்சு எழுதிட்டுப் போயிருக்கலாம், அவங்க அப்படிச் செய்யல. ஸஃபூரியா மாதிரி அழிஞ்ச ஊருங்க நானூறுக்கும் மேல, அதுல எத்தனை ஊருக்கு இப்படி ஒருத்தர் உக்காந்து ஒவ்வொரு மணி நேரமா விசாரிச்சு எழுதியிருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

தாஹா 2011 அக்டோபர்ல நாசரேத்லயே காலமானாரு. கடைசி வருஷங்கள்ல வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் கூப்பிட்டாங்க, அவர் அரபியில படிப்பாரு, பக்கத்துலயே பீட்டர் கோல் நின்னு இங்கிலீஷ்ல படிப்பாரு. வீடியோ கிடைக்குது. 'பழி'ய அவர் வாசிக்கிறதக் கேளுங்க தம்பி, அந்தக் குரல்ல பெருந்தன்மை காட்டுற ஆள் யாரும் கிடையாது, பெரிய கைங்க, சுருக்கம் விழுந்த முகம், ஒவ்வொரு சொந்தமா எண்ணிக்கிட்டே போறாரு.

படிக்கிற வரிசை கேட்டீங்க. 'ஸோ வாட்'னு 2006ல வந்த இங்கிலீஷ் தொகுப்பு போதும், அரபி மூலமும் பக்கத்துலயே இருக்கும். முதல்ல அப்த் அல்-ஹாதி, அடுத்து ஏர்போர்ட் கவிதை, அப்புறம் அம்பர். செருப்பில்லாம வளந்த ஒரு பையனுக்கு முதல் தடவையா ஷூ கிடைக்கிற கதை ஒண்ணு கடைசியில இருக்கும், அவர் சிறுகதையும் எழுதுவாருன்னு அதுலதான் எனக்குத் தெரிஞ்சது, அதையும் விடாதீங்க. 'பழி'ய எல்லாத்துக்கும் கடைசியா திரும்பப் படிங்க. அப்பவும் உங்களுக்குக் கோவம் வந்துச்சுன்னா எனக்கு எழுதுங்க, இன்னும் பேசலாம், உங்க ஃப்ரெண்டையும் சேத்துக்குங்க.

அன்புடன்
அண்ணன்